பரண்மேல் ஒருவருக்குத்தான் இடம்

இன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: சென்னியப்பன். கூடத்து நாற்காலியில் மாரப்பன். பரண்மேல் இன்னொரு மாரப்பன். உள் அறையில் பிருந்தா, முக்கால்வாசி. வாசலில் கீழ்வீட்டு சுலோச்சனா அக்கா, கையில் பால் சொம்போடு.

"புதுசாக் குடி வந்திருக்கீங்களாட்ட இருக்குது," என்றாள் சுலோச்சனா அக்கா.

"ஆமாங்க்கா," என்றான் சென்னியப்பன்.

"எந்த ஊருங்க?"

"இதே ஊருதானுங்க."

"அப்படிங்களா. பாத்ததே இல்லையே. பால் காய்ச்சீட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

அவள் சொம்பை நீட்டினாள். பொங்க விடுங்கள், கிழக்குப் பக்கம் வழிந்தால் நல்லது என்றாள். அவன் தலையை ஆட்டினான். மூன்று வருடமாக அவள் அதே சொம்பில் அதே பாலைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஒவ்வொரு முறையும் முதல் முறை. நல்ல மனுஷி. அலுத்துக்கொள்ள அவளுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை.

சென்னியப்பனின் வீடு பென் டிரைவிலிருந்து ஓடியது. வாசலில் மின் மீட்டருக்குக் கீழே ஒரு துளை. அதில் நீல மூடி போட்ட ஒரு பென் டிரைவ். அதற்குள் லினக்ஸ் என்கிற இயங்குதளம். எதிலும் நிறுவாமல், செருகியபடியே ஓட்டுகிற வகை. முதலில் அவனுடைய லேப்டாப்தான் அதிலிருந்து ஓடியது. லேப்டாப்புக்குள் இருந்த ஹார்டு டிஸ்க், கெட்டுப்போகப்போகிற டிஸ்க்குகளைப் போல, டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அதைத் தொட அவனுக்கு மனமில்லை. அதில் பழைய வாழ்க்கை முழுவதும் இருந்தது. ஒரு மழைநாளில் லைன்மேன் வந்து மீட்டருக்குக் கீழே இருந்த துளையைக் காட்டினார். "வீட்டையும் இதுலயே ஓட்டிக்கலாமுங்க, ஒரு வாரத்துக்குத் தாங்கும்" என்றார். அவன் செருகினான். ஒரு வாரம் முடியவில்லை.

கரண்ட் இருக்கும்வரை வீடு ஓடும். கரண்ட் போய் வந்தால் முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும். காலண்டர் அந்த மழைநாளுக்குத் திரும்பும். சுவரில் அடித்த ஆணி மறையும். அரிசி டப்பா நிறைந்திருக்கும். அதனால் பட்டினி இல்லை.

அவன் முகமும் அந்த வீட்டைச் சேர்ந்ததுதான். கரண்ட் போனால் வெளியே அவனைப் பார்த்தவர்களின் கண்ணிலிருந்தும் அது போய்விடும். மில்லில் பார்த்த நைட் ஷிஃப்ட் வேலை அப்படித்தான் போனது. வாட்ச்மேன் தினமும் புது ஆள் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினான். சென்னியப்பன் ஒருநாள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டான். அந்தச் சண்டையையும் மறந்துவிட்டார்கள். அதற்குப்பிறகு அவன் போகவில்லை.

அவன் மட்டும் எதையும் மறக்கவில்லை. அது பென் டிரைவின் கோளாறா தன்னுடைய கோளாறா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாரப்பன் வீட்டோடு வந்தவர். கூடத்தின் இடது மூலை நாற்காலியில், மடிமேல் ரெக்சின் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோடு போட்ட சட்டை. நெற்றியில் கீற்றாகத் திருநீறு. ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் அவரும் வருவார். வந்ததும் தொண்டையைக் கனைப்பார்.

"வணக்கமுங்க. மாரப்பனுங்க. இன்ஸ்டால் பண்ணிக்கலாமுங்களா?"

முதல் நாளில் சென்னியப்பன் விவரம் கேட்டான்.

"பண்ணுனா என்ன ஆகும்?"

"நெலையாயிருவீங்க. கரண்ட் போனாலும் நீங்க போகமாட்டீங்க. நாலு பேருத்துக்கு உங்களத் தெரியும். ரேசன் கடையில பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க."

"நீங்க?"

"எனக்கு அதுக்கப்புறம் இங்க என்னங்க வேலை?"

"வேற ஏதாவது உண்டா?"

"ஒண்ணே ஒண்ணுங்க. உள் ரூம்ல இருக்கறதெல்லாம் தொடச்சுத்தான் பண்ண முடியும். பாலை அடுப்புல வெச்சுப் பொங்கவிட்டாப் போதுங்க. பொங்கி வழிஞ்சா சம்மதம்னு எடுத்துக்குவேன். மீதிய நான் பாத்துக்கறேன்."

சென்னியப்பன் பாலை அடுப்பில் வைத்தான். அது எழும்பி விளிம்புக்கு வந்ததும் இறக்கிவிட்டான். அன்றிலிருந்து அப்படித்தான். பால் விளிம்பைத் தொடும். அவன் இறக்குவான். மாரப்பன் பையின் ஜிப்பை மூடிக்கொள்வார். கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த கரண்டில் மறுபடி கேட்பார்.

உள் அறையில் ஹார்டு டிஸ்க் இருந்தது. அதாவது, உள் அறைதான் ஹார்டு டிஸ்க். அதைத் திறந்து பார்க்கலாம். எதையும் தொட்டு மாற்ற முடியாது. தலையணையை நகர்த்தினால் கை தலையணைக்குள் போய் வரும். அங்கே எப்போதும் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகல். கட்டிலில் துணிக் குவியல். பிருந்தா துணி மடித்துக்கொண்டிருப்பாள். அந்தக் காலத்துச் சென்னியப்பன் குளியலறையில் இருந்தான். தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். ஆள் வெளியே வரவே மாட்டான்.

பிருந்தா குளியலறைக் கதவைப் பார்த்துச் சொல்வாள்: "மாமா, பொழுதோட ரெண்டு பேரும் பூ மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வரலாமா? கேக்குதா மாமா?"

நிலைப்படியில் நிற்கும் சென்னியப்பன் "கேக்குது" என்பான். அவளுக்குக் கேட்காது. அவள் இன்னொரு சட்டையை மடிப்பாள். மறுபடி கேட்பாள்.

பிருந்தா இப்போது இல்லை. எங்கே என்று விசாரித்தவர்களிடம் அவன் விரலால் மேலே காட்டுவான். மாடியில் குடியிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நல்லவேளையாக அதையும் மறந்துவிடுவார்கள்.

பரணைப் பற்றி லைன்மேன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சமையலறைக்கு மேலே சிமெண்ட் பரண். பென் டிரைவில் மிச்சமிருந்த கொஞ்சம் இடம் அதுதான். அதன்மேல் வைத்தது மட்டும் கரண்ட் போனாலும் அப்படியே இருக்கும். சென்னியப்பன் ஒரு காபி ஃபில்டரையும், முனை ஒடிந்த சீப்பையும், ஒரு போர்வையையும் வைத்திருந்தான். மூன்று வருடத்தில் அவன் சேர்த்த சொத்து அவ்வளவு.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவன் மாரப்பனைப் பார்த்தான். மாரப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரண்மேல ஏறுறீங்களா?" என்று கேட்டான்.

"எதுக்குங்க?"

"சும்மாதான்."

"சும்மான்னா ஏறலாமுங்க," என்றார் மாரப்பன். பையோடு ஏறினார். காகிதம் மாதிரி எடையே இல்லாமல் இருந்தார். காபி ஃபில்டருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கரண்ட் போனது. மறுநாள் காலையில் வந்தது.

கூடத்து நாற்காலியில் மாரப்பன் தொண்டையைக் கனைத்தார். "வணக்கமுங்க. மாரப்பனுங்க. இன்ஸ்டால் பண்ணிக்கலாமுங்களா?"

பரணிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "அவரு வேண்டாம்பாருப்பா. நேத்தே வேண்டாம்னுட்டாரு."

சென்னியப்பன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். மூன்று வருடத்தில் அவனிடம் யாரும் நேற்று என்ற சொல்லைச் சொன்னதில்லை.

"அண்ணன் யாருங்க?" என்று கீழ் மாரப்பன் மேலே பார்த்துக் கேட்டார்.

"பங்காளின்னு வெச்சுக்கோ."

"மூஞ்சி ஒண்ணாட்டவே இருக்குதுங்க."

"பங்காளிக்கு வேற எப்பிடி இருக்கும்?"

கீழ் மாரப்பனுக்கு அது சரியாகப் பட்டது. சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அதன்பிறகு சென்னியப்பனுக்குப் பேச்சுத் துணை வந்தது. பரண் மாரப்பன் எதையும் மறக்கவில்லை. ரசத்தில் உப்பு குறைந்தால் "முந்தாநேத்தும் இதேதானுங்க" என்பார். சென்னியப்பன் பாட்டு முணுமுணுத்தால் "அந்த ரெண்டாவது வரிய எப்பவுமே தப்பாத்தான் பாடறீங்க" என்பார். சென்னியப்பன் மில்லைப் பற்றிச் சொன்னதைத் திரும்பச் சொன்னால் "இந்தக் கதைய எனக்குச் சொல்லீட்டீங்க" என்பார். அப்படி அவர் சொல்ல வேண்டுமென்பதற்காகவே சென்னியப்பன் சில கதைகளைத் திரும்பச் சொன்னான். ஒருநாள் காய்ச்சல் வந்து படுத்தான். கரண்ட் போய் வந்ததும் காய்ச்சல் போய்விட்டது. "உடம்பு எப்பிடி இருக்குதுங்க?" என்று பரணிலிருந்து கேட்டது. அவன் போர்வையை முகத்துக்குமேல் இழுத்துக்கொண்டான்.

ஆனால் மாரப்பன் கனத்துக்கொண்டே போனார். சாப்பிட்டதால் அல்ல. அவர் பரணில் ஒரு கரண்டி ரசத்துக்குமேல் எதையும் சாப்பிடுவதில்லை.

"ஞாபகமுங்க," என்றார். "ஒவ்வொரு நாளும் ஒரு கல்லு வெச்சாப்ல இருக்குது."

பரணின் அடியில் கீறல் விழுந்தது. காபி ஃபில்டரை இறக்க வேண்டிவந்தது. பிறகு சீப்பை. பிறகு போர்வையை. அவை அடுத்த கரண்டில் இல்லாமல் போயின. பரணில் மாரப்பனுக்கு மட்டும் இடம் இருந்தது.

அதே சமயத்தில் உள் அறை கெட்டுக்கொண்டிருந்தது. முதலில் ஜன்னல் போனது. அந்த இடத்தில் சாம்பல் நிற வெறுமை. பிறகு துணிக் குவியல் போனது. பிருந்தா ஒன்றுமில்லாததை எடுத்து மடித்து அடுக்கினாள். பிறகு அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழே போனது. ஒற்றைக் கையாலும் நேர்த்தியாகத்தான் மடித்தாள். கூடத்திலிருந்து உள் அறைக்குப் போகும் நடை ஒவ்வொரு இழப்புக்கும் கொஞ்சம் நீண்டது. முன்பு நான்கு எட்டு வைத்தால் போதும். இப்போது போய்ச் சேருவதற்குள் செருப்பு தேய்ந்தது.

அவள் பேச்சிலும் ஓட்டை விழுந்தது. "மாமா, பொழுதோட ரெண்டு பேரும் மார்க்கெட் வரைக்கும்" என்றாள். பூ போய்விட்டது. அடுத்த வாரம் பொழுதோட என்ற சொல் போனது. இன்று காலை, சுலோச்சனா அக்கா பால் கொடுத்துவிட்டு இறங்கிப் போனபிறகு, அவன் நடையில் நடந்து போய்க் கதவைத் திறந்தான்.

"மாமா, ரெண்டு போய்ட்டு வரலாமா?" என்றாள் பிருந்தா. "கேக்குதா மாமா?"

டிக் டிக்கென்ற சத்தம் சுவர் முழுவதும் இருந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. அவன் எட்டிப் பார்த்தான். குளியலறை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பழைய சென்னியப்பன் குளித்து முடிக்காமலே போய்விட்டான். அவள் மட்டும் அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் திரும்பி வந்தான். பரணுக்குக் கீழே நின்றான்.

"என்னங்க சொல்லுது ரூம்பு?" என்றார் பரண் மாரப்பன்.

"சாவுது."

"எனக்கும் கேக்குதுங்க. செவுத்தோட முதுக ஒட்டித்தான உக்காந்திருக்கறேன். இன்னைக்குத் தாண்டாது."

"அங்கிருந்து எடுத்தா வருமா?"

"எடுக்க வராது. பிரதி வரும். அதையும் தரையில வெச்சா மத்தியானம் கரண்ட் போறப்பவே போயிரும்."

தான் உட்கார்ந்திருந்த இடத்தை மாரப்பன் கையால் தடவிப் பார்த்தார். பரண் அகலம் ஓர் ஆள் அகலம்.

"இன்ஸ்டால் பண்ணிக்கலாமுங்களா?" என்றார் நாற்காலி மாரப்பன்.

"நீ கொஞ்சம் சும்மா இருப்பா," என்றார் பரண் மாரப்பன்.

சென்னியப்பன் சொம்பைப் பார்த்தான். பாலை வைத்துப் பொங்கவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். சுலோச்சனா அக்கா நாளைக்கு அவனைப் பார்த்து "என்ன சென்னி" என்பாள். ஊர் உறவு வரும். உள் அறையில் ஒன்றும் இருக்காது. பரணும் இருக்காது. அவன் சொம்பைச் சாய்த்துப் பாலைக் கழுவும் தொட்டியில் ஊற்றினான்.

"அது சரி," என்றார் பரண் மாரப்பன். "ஒண்ணு தீந்துது. இன்னும் ரெண்டு இருக்குது. நானு, அவங்க."

"நீங்கதான் பேசறீங்க," என்றான் சென்னியப்பன். "அவ என்னோட பேசறது இல்ல. குளிக்கப் போனவனோட பேசறா."

"ஆமாங்க."

"அவளுக்கு என்னையத் தெரியாது."

"தெரியாதுங்க."

"உங்களுக்குத் தெரியும்."

"ரசத்துல உப்புப் போடமாட்டீங்கங்கறது வரைக்கும் தெரியுமுங்க."

சென்னியப்பன் உள் அறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாரப்பன் அவனை அவசரப்படுத்தவில்லை. பின் அவராகவே பையை முதலில் கீழே போட்டார். பை தரையில் விழுந்த சத்தத்தில் வீடு அதிர்ந்தது.

"தோளக் குடுங்க. எறங்கோணும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வேண்டீதில்லீங்க. நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கறபோதெல்லாம் என்ன அர்த்தம்னு எனக்கு மனப்பாடம்."

அவரை இறக்குவதற்குள் சென்னியப்பனின் முதுகு ஒடிந்துவிடும்போல் இருந்தது. நாற்காலி மாரப்பனும் எழுந்து வந்து ஒரு கை கொடுத்தார். பிறகு போய் உட்கார்ந்துகொண்டார்.

பிருந்தாவைக் கொண்டுவர இருவர் தேவைப்பட்டார்கள். பிரதி எடுப்பது பீரோ தூக்குவது போலத்தான். மாரப்பன் தலைப்பக்கம் பிடித்தார். சென்னியப்பன் கால்பக்கம். நடை இன்னும் நீண்டிருந்தது. இடையில் இரண்டு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள்.

"பாத்து, பாத்து. செவுத்துல இடிக்காம," என்றார் மாரப்பன். "உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க."

"தூக்கீட்டுத்தான் இருக்கறேன்."

"அந்தக் கை எங்கீங்க?"

"அது போன மாசமே போச்சு."

"ஆமா, சொன்னீங்க. நாந்தான் மறந்துட்டேன்." மாரப்பன் நின்றார். "பாருங்க, எறங்குன ஒடனே மறக்க ஆரம்பிச்சாச்சு."

பின்னால் உள் அறையின் சத்தம் நின்றது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் நடை அவர்களுக்குப் பின்னால் வெறும் சுவராக முடிவதைப் பார்த்திருப்பார்கள். முதுகில் குளிர் பட்டதில் தெரிந்துகொண்டார்கள்.

பரண்மேல் பிருந்தா கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். வந்து சேர்ந்தது பாதிக்குக் கொஞ்சம் மேலே. முகம் முழுதாக இருந்தது. அவள் ஒன்றுமில்லாததை ஒற்றைக் கையால் மடித்தாள்.

"மாமா, ரெண்டு போய்ட்டு," என்றாள். "கேக்குதா மாமா?"

"கேக்குது," என்றான் சென்னியப்பன்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள். மறுபடி கேட்கவில்லை. குளியலறை இருந்த பக்கம் பார்க்கவில்லை. எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

சென்னியப்பன் மாரப்பனின் முழங்கையைப் பிடித்தான்.

"கேட்டுருச்சாட்ட இருக்குதுங்க," என்றார் மாரப்பன், தாழ்ந்த குரலில்.

"கெட்டுப்போயிருக்கலாம்."

"ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே மாதிரித்தானுங்க இருக்கும்."

மதியம் நெருங்கியது. மின்விசிறி சுணங்க ஆரம்பித்தது. மாரப்பன் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கெளம்பறனுங்க," என்றார் சென்னியப்பனிடம். "தரையில நின்னா கரண்ட் போறப்ப அவனுக்குள்ள போய் உக்காந்துக்குவேன். காலைல எந்திரிச்சு இன்ஸ்டால் பண்ணிக்கலாமுங்களாம்பேன். உங்க மூஞ்சியப் பாத்து அதக் கேக்க எனக்கு முடியாதுங்க."

"வெளிய போனா?"

"வெளிய போனா ஆளு இருப்பனுங்க. உங்கள மட்டும் தெரியாது. மத்தவங்களாட்டம்."

"எப்ப வரைக்கும் தெரியும்?"

மாரப்பன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "பஸ் ஸ்டாப்பு வரைக்கும் தெரிஞ்சாலும் தெரியுமுங்க."

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். மாரப்பன் செருப்பு இல்லாதவர். வீட்டோடு வந்தவருக்குச் செருப்பு எதற்கு. சென்னியப்பன் தன்னுடையதைக் கழற்றி முன்னால் தள்ளினான். அளவு பெரிது. மாரப்பன் போட்டுக்கொண்டார். இரண்டு படி இறங்கினார். படிக்கட்டு அவர் எடைக்கு முனகியது. அவர் நின்று திரும்பினார்.

"கதவச் சாத்துங்க," என்றார்.

சென்னியப்பன் நிலையைப் பிடித்தபடி நின்றான்.

"சாத்திப் பூட்டிக்குங்க. இல்லீனா நான் திரும்பி வந்துருவனுங்க."

"வந்தா என்ன?"

"எடம் ஏதுங்க?"

உள்ளே பரணில் சத்தமில்லை. அவள் மடிக்கவில்லை, கேட்கவும் இல்லை. காத்திருப்பதுபோல இருந்தது. நின்றுபோனதுபோலவும் இருந்தது. மாரப்பன் படியில், பெரிய செருப்பில், பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இன்னும் அவனைத் தெரிந்த முகம் இருந்தது.

"நேத்து ரசம் நல்லாத்தான் இருந்துதுங்க," என்றார்.

சென்னியப்பன் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளை இழுத்துவிட்டான். அது போதவில்லை. சாவியை எடுத்துத் திருப்பினான்.